மாலை ஷிப்டும் மின்கம்பி உதவியாளர் தேர்வும்

காரைக்குடியை ஒட்டிய ஒரு கல்லூரியில் நான் மாலை ஷிப்ட் எலக்ட்ரீஷியன். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்கு வெளியே வருவேன். பெயர்தான் எலக்ட்ரீஷியன். பைப் ஒழுகினாலும், தாழ்ப்பாள் கழன்றாலும், மோட்டார் ஓடவில்லை என்றாலும் ஆறு மணிக்கு மேல் கூப்பிட வளாகத்தில் வேறு ஆள் கிடையாது. இந்த வேலையில் இருந்துகொண்டே மின்கம்பி உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வுக்குப் படித்தேன். முதல் தடவை கோட்டை விட்டேன், அடுத்த தடவை தேறினேன். ஐடிஐ வாசலை மிதிக்காமல், மாமனோ சித்தப்பனோ பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து வேலைக்கு வந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வை நடத்துவது தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. நடக்கும் இடம் அரசு தொழிற்பயிற்சி நிலையம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. என்னோடு வந்தவர்களில் பேரன் எடுத்தவர் ஒருவர் இருந்தார். மற்ற தகுதிகள், தேதி, கட்டணம் எல்லாம் அந்தந்த அறிவிப்பில் இருக்கும். அதைப் படியுங்கள், டீக்கடையில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அனுபவச் சான்றிதழை மட்டும் அறிவிப்பு வந்த பிறகு தேடலாம் என்று இருந்துவிட வேண்டாம். எனக்குச் சான்றிதழ் தர வேண்டியவர் அந்த நேரம் பார்த்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டார். அவரைப் பிடிப்பதற்குள் கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

சரி, முதல் தடவை ஏன் போனது என்று சொல்கிறேன்.

நான் வேலை பழகியது மாமாவிடம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று பழைய செட்டிநாட்டு வீடுகளில்தான் எங்கள் வேலை. அந்தச் சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கண்ணாடி போலத் தேய்த்தவை. உளி வைத்துக் கொத்தி உள்ளே பைப் புதைக்கிற பேச்சை எடுத்தாலே, “தம்பி, சுவத்துல கை வைக்காம செய்யிறதா இருந்தா செய்யி, இல்லைன்னா போயிட்டு வா” என்பார் ஆச்சி. தேக்கு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோய், கிளிப் அடித்து, வெளியில் தெரியாமல் ஒயரை இழுப்போம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒரு சுவரையும் காயப்படுத்தாமல் லைன் கொண்டுபோகிற கை எனக்கு வந்திருந்தது. அந்தக் கையை நம்பித்தான் தேர்வுக்குப் போனேன்.

செய்முறையில் மாடிப்படி ஒயரிங் கொடுத்தார்கள். கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைக்க இரண்டு டூவே சுவிட்ச், ஒரு லைட். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், செய்தேன். பக்கத்தில் வந்து நின்ற தேர்வாளர், “எர்த் எதுக்குப்பா கொடுக்குறோம்?” என்றார்.

“ஷாக் அடிக்காம இருக்க சார்.”

“எப்படி அடிக்காம இருக்கும்?”

அவ்வளவுதான். எத்தனையோ எர்த் குழி வெட்டியிருக்கிறேன், கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டியிருக்கிறேன். எப்படி என்ற கேள்விக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அடுத்து நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) பற்றிக் கேட்டார், அதற்கும் விழித்தேன். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன்: கிரைண்டரின் இரும்பு உடம்பில் பேஸ் (கரண்ட் வருகிற கம்பி) ஒட்டிக்கொண்டால், எர்த் கம்பி வழியாகத் தடை குறைந்த பாதை கிடைக்கிறது, அதில் கரண்ட் அதிகமாகப் பாய்கிறது, உடனே ஃப்யூஸ் போகிறது அல்லது எம்சிபி (தானாக அணைகிற சுவிட்ச்) விழுகிறது. தொடுகிற ஆள் வருவதற்கு முன்பே லைன் கட் ஆகிவிடுகிறது. நான்கு வரிதான், அன்றைக்கு அது என்னிடம் இல்லை.

திரும்பி வந்து ஒரு வேலை செய்தேன். கல்லூரியில் புகார் பதிவேடு ஒன்று இருக்கிறது. நேரம், இடம், புகார், செய்த வேலை என்று நான்கு கட்டம். அதைப் போலவே சொந்தமாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். அதற்குத் தலைப்பு “ஏன்”. அன்றைக்குப் பார்த்த வேலைகளில் ஒன்றுக்காவது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பல நாள் நிரப்ப முடியாமல்தான் போனேன். ஆனாலும் எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது அந்தக் காலிக் கட்டத்தில் தெரிந்துவிடும்.

மாலை ஷிப்டில் ஒரு வசதி உண்டு. பகலில் நான்கைந்து பேர் இருப்பார்கள், பெரிய பழுதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு ஏணி பிடிக்கிற வேலை. மாலையில் எல்லாம் நம் தலையில். விடுதியில் லோடு ஏறுவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை இரவு. விடுதி மூன்று தளம், தளத்துக்கு ஒரு பேஸ். மேல் தளத்துப் பையன்கள் பெரும்பாலும் ஊருக்குப் போய்விட்டார்கள். எட்டரை மணிக்கு ஒரு பையன் ஓடி வந்து, “அண்ணே, மேல ஃபேன் பறக்குது, கீழ லைட்டு மங்குது” என்றான். போய் நிற்பதற்குள் மேல் தளத்தில் இரண்டு டியூப் லைட்டும் ஒரு செல்போன் சார்ஜரும் போய்விட்டன. மெயினை இறக்கிவிட்டுப் பேனலைத் திறந்தால் நியூட்ரல் கம்பியின் முனையில் மாட்டுகிற லக் கருகிக் கழன்று கிடக்கிறது. லக்கை மாற்றி, முறுக்கி, லைன் கொடுத்தேன். வேலை முடிந்தது. “ஏன்” கட்டம் மட்டும் இரண்டு நாள் காலியாக இருந்தது. ஆள் குறைந்த தளத்தில் எதற்காகச் சாமான் எரிய வேண்டும்?

எலக்ட்ரிக்கல் லேபில் உதவியாளராக இருக்கும் அண்ணன்தான் படம் போட்டுச் சொன்னார். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு தளமும் தனித்தனியாக 230 வோல்ட்டில் ஓடும். நியூட்ரல் அறுந்தால் ஒரு தளத்து லோடும் இன்னொரு தளத்து லோடும் இரண்டு பேஸுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் மாட்டிக்கொள்ளும். அங்கே இருப்பது 415 வோல்ட். லோடு குறைந்த பக்கம் தடை அதிகம், அதனால் வோல்ட்டேஜில் பெரிய பங்கு அதற்குத்தான் விழும். சாமான் எரிவது அங்கேதான். அதை எழுதிய பக்கத்தைத் தேர்வுக்கு முன் எத்தனை தடவை புரட்டினேன் என்று கணக்கில்லை.

ஐப்பசி அடைமழையில் வகுப்பறைக் கட்டடத்தின் ஆர்சிசிபி (லீக் இருந்தால் அணைகிற சுவிட்ச்) தினமும் ஆறு மணிக்கு விழுந்துகொண்டிருந்தது. எம்சிபி அசையவில்லை. இந்த வித்தியாசமே ஒரு பாடம். எம்சிபி லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். ஆர்சிசிபி அப்படி இல்லை. பேஸில் போகிற கரண்டையும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் விழும். ஆள் பாதுகாப்புக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கு விழுகிற வகை. எங்கோ லீக். ஆறு மணிக்குப் போடுவது வராந்தாவின் வெளி விளக்குகளை. அதில் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீர், கூடவே செத்த பல்லி. பல்லி விழுந்தால் பலன் பார்ப்பார்கள், அது பெட்டிக்குள் விழுந்தால் யாருக்கு என்ன பலன் என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்டார். எனக்கு நோட்டில் ஒன்றரைப் பக்கம் கிடைத்தது.

எர்த் விஷயத்தில் எங்கள் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்மண், தோண்டினால் செம்புறாங்கல். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து போனால் தடை ஏறிவிடும். வாரம் ஒரு முறை குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது முன்பு அதைத் தண்டனை என்று நினைத்திருக்கிறேன். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், தண்ணீர் இல்லை என்றால் இரண்டும் சும்மா. ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) அரிக்கும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, துருப்பிடிப்பையும் பேட்டரியையும் ஆராய ஒரு மத்திய ஆய்வகமே நம் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அந்தச் சுவரை ஒட்டி சைக்கிளில் போய்வந்த எனக்கு, பைப் ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்கத் தோன்ற முப்பது வயதாகியிருக்கிறது.

அடுத்த தொல்லை பாஷை. நாங்கள் கடையில் ஒயர் அளவு சொல்லிக் கேட்பது “ஒண்ணு பதினெட்டு”, “மூணு இருபது”, “ஏழு இருபது”. தேர்வில் சதுர மில்லிமீட்டர். 3/20 என்றால் 20-ஆம் கேஜில் மூன்று கம்பி. கணக்குப் போட்டால் 2 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வரும். இப்போது கடையில் இருப்பது 1, 1.5, 2.5, 4 என்ற வரிசை. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 என்று சொல்லிப் பழகுங்கள். அதே போல எர்த் என்பது தாளில் “நில இணைப்பு” என்று வரலாம், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் “காப்புத் தடை” என்று வரலாம். தெரிந்த கேள்வியைத் தமிழ்ப் பெயரால் தவறவிட்டால் வயிறு எரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் சொல், புத்தகச் சொல் என்று இரண்டு வரிசை எழுதி வைத்துக்கொண்டேன்.

கணக்குக்கு எனக்கு வாத்தியார் கிடைத்த விதம் வேடிக்கை. விடுதியில் பக்கெட்டில் தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டர் கம்பி போடக் கூடாது. போட்ட ஒரு மூன்றாம் ஆண்டுப் பையனிடமிருந்து பறிமுதல் செய்து வார்டனிடம் கொடுத்தேன். ஒரு வாரம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு ஒரு நாள் பம்ப் ரூம் வாசலில் நான் நோட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, “இது தப்புண்ணே” என்று பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் போட்டுக்காட்டிய கணக்கு இது: ஒரு வகுப்பறையில் தலா 75 வாட்டில் 6 ஃபேன், தலா 40 வாட்டில் 8 டியூப் லைட். மொத்தம் 770 வாட். ஒரு லைட்டிங் சர்க்யூட்டுக்கு 800 வாட் வரை போகலாம், அப்படியானால் ஒரே சர்க்யூட் போதுமா? போதாது. 10 பாயிண்டுக்கு மேல் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது, இங்கே 14. ஆக இரண்டு சர்க்யூட். 6 மணி நேரம் ஓடினால் 4.62 யூனிட். மெகர் என்ற மீட்டர் வைத்துப் பார்க்கிற காப்புத் தடைக்கு, மெகாஓமில், 50-ஐ பாயிண்ட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், ஆனால் 1 மெகாஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பறையில் நான்கு கேள்வி. அதன் பிறகு எந்த அறைக்குள் போனாலும் ஃபேனை எண்ண ஆரம்பித்துவிட்டேன், கல்யாண மண்டபத்தில்கூட.

பைப் எர்த்துக்கு 38 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மீட்டர் நீளம். பிளேட் எர்த்துக்கு 60க்கு 60 சென்டிமீட்டர், தடிமன் செம்பு என்றால் 3.15, ஜிஐ என்றால் 6.3 மில்லிமீட்டர். ஃபேன் கண்டென்சர் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நேரம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் போட்டேன், புத்தகம் நெஞ்சில் கிடக்க விடிந்துவிடும். காலை ஆறரை முதல் எட்டு வரைதான் எனக்கு ஒட்டியது. வேலை நேரத்தில் ஏழிலிருந்து எட்டு வரை சற்று ஓய்வு இருக்கும், அப்போது அன்றைய “ஏன்” மட்டும். மோட்டார் ஓடுகிற அறையில் உட்கார்ந்து படிப்பது வீண் வேலை.

இன்னொன்று. படிக்கிற ஆர்வத்தில் லைனில் கை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். மாலை ஷிப்டில் நீங்கள் தனி ஆள், விழுந்தால் பார்க்க ஆளில்லை. மாமா ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். யாரோ தெரியாமல் மெயினைப் போட்டாலும் லைன் வராது. பாதுகாப்பு பற்றிக் கேட்டபோது இரண்டாம் தடவை நான் சொன்ன முதல் பதில் அதுதான். தேர்வாளர் தலையாட்டிவிட்டு, ஷாக் அடித்தவரை எப்படிப் பிரிப்பாய் என்று போனார். மெயினை அணை, முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளு, வெறும் கையால் தொடாதே. எலக்ட்ரிக்கல் தீயில் தண்ணீர் ஊற்றாதே என்பதும் அதோடு வரும்.

தேர்வுக்கு டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கத்தி, டேப் எல்லாம் உங்கள் கைக்குப் பழகியதையே கொண்டுபோங்கள். ரப்பர் செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ள பத்து நாள் முன்னரே ஆள் பேசி வையுங்கள். முதல் தடவை இரவு பத்துக்கு வேலை முடித்து, விடிகாலை பஸ் பிடித்துப் போய் நின்றதும் என் தோல்வியில் ஒரு பங்கு.

சான்றிதழ் வந்த அன்று மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “மூணு இருபதுக்கு என்னடா சொன்னே?” என்றார்.