மாமியின் கமக்கட்டு நெறி

யாருக்காவது புற்றுநோய் என்று கதை வந்தால், எங்கள் பக்கத்தில் கட்டாயம் ஒருவர் சொல்லுவார்: "ஊசி குத்திப் பார்த்ததாலதான் பரவினது." அதை நம்பி கிளினிக் போகாமலே விட்ட பெண்களை எனக்குத் தெரியும். கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் புற்றுநோய் பரவுவதில் பங்குள்ள கீமோகைன்களைப் பற்றி எழுதுகிறேன்.

இவை மிகச் சிறிய புரதங்கள். மனித உடம்பில் ஏறத்தாழ 50 வகை உண்டு. காலில் முள் கீறினால் அந்த இடத்துக் கலங்கள் இவற்றைச் சுரக்கும். காயத்துக்குக் கிட்டச் செறிவு கூட. தள்ளிப் போகப் போகக் குறைவு. வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அந்த வித்தியாசத்தை உணர, அவை செறிவு கூடிய பக்கமாக நகர்ந்து காயத்துக்கு வந்து சேரும். காயம் ஆறினால் சுரப்பும் அடங்கிவிடும்.

புற்றுக்கட்டியில் அடங்குவதில்லை. ஹரோல்ட் டுவோராக் 1986இல் கட்டிகளை ஆறாத காயங்கள் என்று எழுதினார். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கட்டி சுரக்கும் சிசிஎல்2 என்ற கீமோகைன், மொனோசைற் என்ற வெண்குழியங்களை அழைக்கிறது. வந்தவை கட்டியை அழிப்பதை விட்டு, அதற்குப் புதுக் குருதிக்குழாய்கள் வளரவும் அதன் கலங்கள் வெளியேறவும் உதவத் தொடங்கிவிடுகின்றன. சிசிஎல்22 வரவழைப்பது, ரி கலங்கள் என்ற வெண்குழியங்களில், மற்ற எதிர்ப்புக் கலங்களை அடக்குகிற வகையை. எல்லாக் கீமோகைனும் கெட்டது என்றில்லை. சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 இரண்டும் புற்றுக்கலங்களைக் கொல்லும் ரி கலங்களைக் கொண்டுவருபவை.

என் மாமிக்கு 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இடது தோளில் இருக்கிறது. மார்பில் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டபோது, அந்தத் துண்டுதான் கீழே இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். நோகவும் இல்லை. கமக்கட்டில் நெறி கட்டிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன், விரலுக்கடியில் வழுக்கவில்லை, ஒரே இடத்தில் இறுகி நின்றது. உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர். புதிதாக எது தட்டுப்பட்டாலும் பழைய துண்டு என்று விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

"மார்பில வந்தது கமக்கட்டுக்கு ஏன் பிள்ளை போனது?" என்று, மார்புப் புற்றுநோய்தான் எனத் தெரிந்த பிறகு மாமி கேட்டார்.

நிணநீர் அந்தப் பக்கமாக ஓடுவது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. 1889இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்து, நோய் கண்டபடி பரவவில்லை என்று கண்டார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். மாமி வயல் செய்தவர். இரணைமடுத் தண்ணி பாயிற வயலில் சிந்திய நெல்லும் கிரவல் ரோட்டில் சிந்திய நெல்லும் ஒன்றா என்று அவரே கேட்டார்.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதில் ஒரு பகுதி 2001இல்தான் தெரிந்தது. மார்புப் புற்றுக்கலங்களில் சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்7 என்ற வாங்கிகள் நிறைய இருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் கீமோகைன்கள் நிணநீர்க்கணு, நுரையீரல், ஈரல், என்புமச்சை ஆகிய இடங்களில்தான் அதிகம். இந்தப் புற்றுநோய் வழக்கமாகப் போய்ச் சேருகிற இடங்களும் அவைதான். எலிகளில் சிஎக்ஸ்சிஆர்4ஐத் தடுத்தபோது பரவல் குறைந்தது. மாமிக்கு நெறி கட்டியதும் எந்த ஊசியும் குத்துவதற்கு முன்புதான்.

"அப்ப அதை நிப்பாட்ட மருந்து இல்லையே?"

கொஞ்சம் இருக்கிறது. சிசிஆர்4 என்ற இன்னொரு வாங்கியைத் தாக்கும் மொகாமுலிசுமாப் என்ற மருந்தை ஜப்பான் 2012இல் ஒருவகை ரி கலப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. மார்புப் புற்றுநோயில் கதை சிக்கலானது. எலிகளில் சிசிஎல்2ஐத் தடுத்துவிட்டு அந்த மருந்தை இடையில் நிறுத்தினால், என்புமச்சையில் தேங்கியிருந்த மொனோசைற்றுகள் ஒரேயடியாக வெளியேறி, பரவல் முன்னைவிட வேகமானது என்று 2014இல் கண்டார்கள். இன்னும் நிறைய ஆராய வேண்டியிருக்கிறது.

மாமிக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வழக்கமான கீமோதெரபி மருந்துதான் ஏறுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் முன் வெண்குழியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். போன முறை குறைவாக இருந்ததால் தவணையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.