ஆண்டிபட்டிக் கணவாய்க் காற்றுக்குத் தோதான ஸ்கூட்டர் தேடி

என் வண்டி ஓட வேண்டிய ரோடு இரண்டு. தினமும் மதுரை திருநகரிலிருந்து பசுமலை, பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல், யானைக்கல் வழியாக ஏ.வி. பாலம் ஏறி, கோரிப்பாளையத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாதத்தில் ஓரிரு தடவை தனக்கன்குளம் பக்கம் நான்குவழிச் சாலையைப் பிடித்து, நாகமலைப் புதுக்கோட்டையில் தேனி ரோட்டுக்குத் திரும்பி, செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, கணவாய் ஏறி இறங்கி ஆண்டிபட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். முதல் ரோட்டில் நாற்பதைத் தொடுவதே அபூர்வம். இரண்டாவதில் அறுபதுக்குக் கீழே இறங்கினால் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். திரும்பும்போது பல தடவை அம்மாவும் என்னோடு வருவார், சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து. காலடியில் தேங்காயோ முருங்கைக்காயோ ஒரு சாக்குப் பை இருக்கும். அதனால் பைக் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஸ்கூட்டர்தான்.

கடைகளில் ஏறி இறங்கும்போது எல்லாரும் பேசுவது மைலேஜும் சிசியும். நான் தேடி அலைந்த அனுபவத்தில் இந்த இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது சக்கரம், எடை, சீட்டு உயரம், பிரேக்கு. இதை எனக்குப் புரியவைத்தவர் பழங்காநத்தத்தில் என் பழைய வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் தம்பி. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டேன். "கம்பெனியை அப்புறம் பாப்பம்க்கா. பின்னால யாரு உக்காருவாங்க, என்ன சாமான் ஏத்துவீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

பழைய வண்டி 110 சிசி. முன்னும் பின்னும் பத்து இஞ்ச் சக்கரம். ஊருக்குள் அது கெட்டிக்காரி. கீழ வெளி வீதியில் ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து வர அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் சக்கரம் சின்னதாக இருந்தால் பள்ளத்துக்குள் அது ஆழமாக இறங்கி ஏறும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேலே தாண்டிப் போய்விடும். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்த சமயத்தில் வெட்டிப்போட்ட ரோட்டில் தினமும் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, இடுப்பே சொல்லும். வேகம் கூடும்போது இன்னொன்றும் உண்டு. சக்கரம் பெரிதானால் வண்டி நேர்கோட்டில் நிற்கும், சின்ன அசைவுக்கெல்லாம் ஹேண்டில் ஆடாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் சந்தையில் உள்ள வண்டிகள் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. ஆக்டிவாவிலும் சுசுகி ஆக்சஸ் 125-லும் முன்னால் 12 இஞ்ச், பின்னால் 10 இஞ்ச். டிவிஎஸ் ஜூப்பிடர் 125-லும் என்டார்க் 125-லும் இரண்டு பக்கமும் 12. யமஹா ஏராக்ஸ் 155-ல் இரண்டும் 14. எடையில் ஆக்சஸ் 105 கிலோவை ஒட்டி, ஜூப்பிடர் 125 சுமார் 108, என்டார்க் சுமார் 118. (ஒவ்வொரு மாடல் மாறும்போதும் கிலோ ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) என் வீட்டுக்காரருக்கு ஏராக்ஸ் மேல் ஒரு கண். நெடுஞ்சாலைக்கு அது பிரமாதமான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் மேடு ஏறியிருக்கும், கால் வைக்கும் தட்டையான தளம் கிடையாது. சாக்குப் பையை எங்கே வைப்பது? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மின்சார ஸ்கூட்டரையும் உண்மையாகவே யோசித்தேன். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஊருக்குள் ஓட்டச் செலவு மிகக் குறைவு, சத்தம் இல்லை. நாங்கள் வாடகைக்கு மாடியில் இருக்கிறோம். கீழே வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை, மீட்டர் வீட்டு ஓனர் பேரில். சொந்த வீடும் கீழ்த்தளமும் இருந்து, ஊரைத் தாண்டாதவர்கள் என்றால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

இனி காற்று. தேனிப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த கதை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, ஆண்டிபட்டிப் பக்கம் வீசுகிற வீச்சு சாதாரணமாக இருக்காது. அந்த வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அதனால்தான். மதுரையிலிருந்து போகும்போது காற்று எதிரிலும் இடப்பக்கமுமாக வரும். வண்டி இழுக்கத் திணறும், பெட்ரோல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். ஆபத்து திரும்பி வரும்போதுதான்.

வரும்போது காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும். நாம் அறியாமலே உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஹேண்டிலை அந்தப் பக்கம் அழுத்திப் பிடித்துத்தான் நேராக ஓட்டிக்கொண்டிருப்போம். எதிரே ஒரு பஸ் வரும். அது நம்மைக் கடக்கும் அந்த ஒரு நொடி காற்றை முழுசாக மறைத்துவிடும். நம் சாய்வு மட்டும் மிச்சம் இருக்கும், வண்டி பஸ்ஸைப் பார்த்து வலப்பக்கம் நகரும். பதறி நிமிர்த்துவதற்குள் பஸ் போய்விடும், மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து இடப்பக்கம் மண்ணை நோக்கித் தள்ளும். பின்னால் அம்மா இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் எடையும் அந்தப் பக்கம்தான். போதாக்குறைக்கு அவர் முதுகும் சேலைத் தலைப்பும் காற்றைப் பிடித்து நிறுத்தும். கணவாய் ஏற்ற இறக்கத்தில், வளைவில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆடியிலேயே தெரிந்தவர்களிடம் வண்டி இரவல் வாங்கி அந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். என் தம்பியின் எடை குறைந்த 125 ஒன்று, கூட வேலை பார்க்கும் பெண்ணின் எடை கூடிய 125 ஒன்று. வண்டி வாங்குகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன். கூச்சப்படாமல் கேளுங்கள், பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். எடை கூடியதில் காற்று தள்ளுவது நிச்சயமாகக் குறைந்தது. பின்சக்கரமும் 12 இஞ்சாக இருந்தது அதற்குப் பாதிக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதே வண்டியை அலுவலக நிறுத்தத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்கு நடுவே பின்னால் இழுத்து எடுக்க எனக்கு மூச்சு வாங்கியது. தினமும் செய்ய வேண்டிய வேலை அது. காற்று வருஷத்தில் சில மாதம்.

அடுத்த சோதனை அம்மா. ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டே போனேன். விற்பனைப் பையன், "டெஸ்ட் ரைடு உங்களுக்கு மட்டும்தான் மேடம், பாட்டிய உக்கார வச்சு என்ன பாக்கப் போறீங்க?" என்றான். "அவங்க உக்காரத்தானப்பா வண்டியே" என்றேன். நடு ஸ்டாண்ட் போட்டு உட்கார வைப்பதில் ஒன்றும் தெரியாது. நான் வண்டி மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றியிருக்க, அவர் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர் எப்படி ஏறுகிறார் என்று பாருங்கள். முதலில் கையால் பிடிக்க ஒரு இடம் தேடுவார். பிறகு கால் வைக்கும் கட்டையில் ஒரு கால், பிறகு ஒரு எக்கு. பின்சீட்டு மேலே தூக்கியிருந்தால் அந்த எக்கு இரண்டாகும். சில வண்டிகளில் பிடிக்கும் கம்பி பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து, பார்க்க அழகாக இருக்கிறது. ஒருபக்கமாக உட்காருபவருக்குக் கை அதற்கு எட்டுவது சிரமம். சீட்டு சறுக்கலாக முன்னால் இறங்கியிருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் என் மேல் வந்து சாய்வார். ஜூப்பிடர் 125-ல் சீட்டு 765 மில்லிமீட்டர் உயரம், நீளமாக, மட்டமாக இருந்தது. அம்மா ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "இது திண்ணையில உக்காந்த மாதிரி இருக்குடி" என்றார். எனக்கு முடிவு ஏறக்குறைய அங்கேயே ஆகிவிட்டது.

அந்த வண்டியில் பெட்ரோல் டேங்கு காலடித் தளத்துக்குக் கீழே, மூடி முன்னால். எடை தாழ்வாக உட்காருவதால் நிதானமாகப் போகிறது. பெட்ரோல் பங்கில் அம்மாவை இறக்கிச் சீட்டைத் தூக்க வேண்டாம். சீட்டுக்கு அடியில் 33 லிட்டர் இடம், எங்கள் இரண்டு ஹெல்மெட்டும் உள்ளே போகின்றன. இழுவை சுமார்தான், உசிலம்பட்டி தாண்டி லாரியை முந்த நினைத்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இருவராகப் போகும்போது 60, 65-ல் வைத்தால் நிம்மதியாக ஓடும். டேங்கு 5.1 லிட்டர். எனக்கு ஊருக்குள் லிட்டருக்கு 45-ஐ ஒட்டிக் கொடுக்கிறது, ஆண்டிபட்டி போய்வர நடுவில் பங்கு தேட வேண்டியதில்லை. மதுரைக்காரர்களுக்கு டிவிஎஸ் என்றாலே சொந்தக்காரர் பேர் மாதிரி. 1911-ல் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில், டிவிஎஸ் நகர் என்று ஊருக்குள்ளேயே ஒரு பகுதி. மாமனார் அந்தப் பாசத்தில் மகிழ்ந்தார். நான் வாங்கியது சீட்டுக்காகவும் சக்கரத்துக்காகவும்.

பிரேக்கில் முன்பக்கம் டிஸ்க் உள்ள வகையையே எடுத்தேன். 125 சிசி வரை உள்ள வண்டிகளில் ஒரு லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம், அதனால் டிரம் வகையிலும் அது உண்டு. இருந்தாலும் இரண்டு ஆள், ஒரு மூட்டை, இறக்கம் என்றால் டிஸ்க்குக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீணில்லை. ஸ்கூட்டரில் கியர் கிடையாது, இறக்கத்தில் இஞ்சின் பைக்கைப்போல இழுத்துப் பிடிக்காது. வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

பில் போடும் இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, நான் வாங்கியது அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் ஆயுள் வரி ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. விலை ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மாடலில் இதைக் கவனியுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியாக வேண்டும். ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே தனியாக வைத்திருந்தால் மறுபடி வாங்க வேண்டாம், கேட்டால்தான் நீக்குவார்கள். எனக்கு நீக்கினார்கள்.

நான் போன ஒரு ஷோரூமில் எழுதிக் கொடுத்த விலைத் தாளில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை. எதற்கு என்றால் "எல்லாருக்கும் உண்டு மேடம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. சேலை கார்டு, பிடிகம்பி, மேட்டு எல்லாம் சேர்த்து 'ஆக்சசரி' என்று இன்னொரு தொகை. மத்திய மோட்டார் வாகன விதி 123 படி பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் கட்டையும், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும் வண்டியோடு இருந்தாக வேண்டும். அதை விதி எண்ணோடு சொன்னேன். மேலாளர் வந்து பேசினார், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் தொகையைக் குறைக்கவில்லை. நான் வேறு ஷோரூமில் வாங்கினேன். அங்கே வரி வரியாக எழுதித் தந்தார்கள், வேண்டாததை அடித்தார்கள். அதே வண்டிக்கு ஒரே ஊரில் இரண்டு விலை இப்படித்தான் வருகிறது. குறைந்தது இரண்டு இடத்திலாவது தாளில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பண்டிகைக் கூட்டத்தில் அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள்.

வண்டி வந்ததும் மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே செய்துவருகிறேன். அம்மா ஏறும் நாளில் பின் டயருக்குக் காற்று கூட்டிக்கொள்கிறேன், எவ்வளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. இஞ்சின் ஆயில் மாற்றும்போது பின்சக்கரப் பக்கம் இருக்கும் கியர் ஆயிலையும் கேட்டு மாற்றச் சொல்கிறேன், பல இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் நெருங்கும்போது டிரைவ் பெல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அது நடுவழியில் அறுந்தால் இஞ்சின் ஓடும், வண்டி நகராது. கணவாயில் அப்படி நின்றால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஆனி, ஆடியில் ஆண்டிபட்டியிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுகிறோம், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அம்மாவுக்கும் ஹெல்மெட் உண்டு. முதலில் கொண்டை இடிக்கிறது என்றார், கொண்டையைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு இப்போது அவரே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்.