காற்று எந்த வழியாக நுழைகிறது?

உணவுப் பரிசோதனைக் கூடமொன்றில் பூச்சிக்கொல்லி எச்சங்களை அளக்கும் ஜிசி-எம்எஸ் (சேர்மங்களை ஹீலியம் ஓடும் குழாயில் பிரித்து, வேக்குவத்தில், அதாவது வெற்றிடத்தில், அயனிகளாக்கி நிறைவாரியாக அளப்பது) கருவியைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகளில், நான் மிகவும் அஞ்சியது காற்றுக் கசிவுக்குத்தான். மின்பலகை பழுதானால் கருவி நின்றுவிடும். கோளாறு உடனே தெரிந்துவிடும். காற்று கசியும்போதோ கருவி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சூடேறிய அந்தக் கேப்பிலரி (நுண்) குழாயின் உட்பூச்சை ஆக்சிஜன் சிதைப்பதால் 207, 281 ஆகிய நிறைகளில் பின்னணி உயரும்; அயனிகளை உண்டாக்க உதவும் இழையான ஃபிலமென்ட் சீக்கிரம் எரிந்துபோகும்; நுண்ணிய அளவில் இருக்கும் மருந்தின் சிகரம் அந்த இரைச்சலில் மறைந்துவிடும். எச்சம் உள்ள காய்கறிக்கு ‘எச்சம் இல்லை’ என்று அறிக்கை போய்விடக்கூடும்.

அதனால் காலையில் கருவியின் சீர்நிலையைக் காட்டும் ட்யூன் அறிக்கை வந்ததும் முதலில் 18 (நீர்), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) ஆகிய நிறைகளைத்தான் பார்ப்பேன். காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடும் ஆக்சிஜன் 21 விழுக்காடும் இருப்பதால், 28-உம் 32-உம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து உயர்ந்தால் உள்ளே வந்திருப்பது காற்றுதான். 18 மட்டும் ஓங்கியிருந்தால் அது ஈரம். கருவியைத் திறந்து மூடிய மறுநாள் அப்படித்தான் இருக்கும், பம்பு ஓட ஓடத் தானே வடியும். 32 இல்லாமல் 28 மட்டும் உயர்வது இன்னொரு வகை. ஹீலியம் வரும் வழியில் ஆக்சிஜன் வடிகட்டி இருந்தால், அதற்கு முன்னால் புகும் காற்றின் ஆக்சிஜனை அது பிடித்துக்கொண்டு நைட்ரஜனை மட்டும் விட்டுவிடும். அப்போது சிலிண்டர் பக்கம்தான் தேட வேண்டும்.

ஒருமுறை குழாய் மாற்றிய சில நாள்களில் 28-உம் 32-உம் சேர்ந்து ஏறத் தொடங்கின. உடன் பணியாற்றிய இளைஞர், “எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துடலாமா சார்?” என்று கேட்டார். பல கூடங்களில் நடப்பது இதுதான், இது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம். ஒழுங்காக இருந்த ஃபெரூல் (நட்டுக்குள் குழாயைச் சுற்றி அடைக்கும் வளையம்) நசுங்கும், குழாய் முனை உடையும், ஒரு கசிவு இரண்டாகும். முதலில் ஹீலியத்தின் ஓட்டத்தை நிமிடத்துக்கு 1 மில்லியிலிருந்து 2 மில்லியாக உயர்த்திப் பார்த்தோம். வாயு வரும் வழியிலோ ஊசி செலுத்தும் பகுதியிலோ கசிவு இருந்தால் ஓட்டத்தோடு காற்றும் கூட வேண்டும், கூடவில்லை. ஆகவே கசிவு வேக்குவம் பக்கம்தான் என்று முடிவு செய்தோம். அங்கே சோப்பு நீரைத் தடவவே கூடாது. குமிழி வராது, நீர்தான் உள்ளே இழுக்கப்படும்.

குழாய் இருக்கும் அடுப்பை ஆறவிட்டு, ஆர்கானின் நிறையான 40-ஐத் திரையில் தொடர்ந்து ஓடவிட்டு, மெல்லிய குழாய் வழியே ஆர்கானை ஒவ்வொரு இணைப்பின் மேலும் இலேசாகச் செலுத்தினோம். பக்கத் தகட்டின் ஓ-ரிங்கில் மாற்றமில்லை. வென்ட் வால்விலும் இல்லை. அடுப்பிலிருந்து வேக்குவத்துக்குள் குழாய் நுழையும் டிரான்ஸ்பர் லைன் நட்டின் அருகே கொண்டுபோனதும் கோடு செங்குத்தாக எழுந்தது. குழாயை விலக்கியதும் இறங்கியது. வெஸ்பெல் என்ற நெகிழியும் கிராஃபைட்டும் கலந்த ஃபெரூல், அடுப்பு ஏறி இறங்கும் ஒவ்வொரு சூட்டிலும் சிறிது சுருங்கும். பொருத்தியபோது இறுக்கமாக இருந்த நட்டு அதனால் தளர்ந்திருந்தது. ஸ்பேனரை மிகச் சிறிதளவு திருப்பியபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 28 சரியத் தொடங்கியது.

கசிந்திருந்த நாள்களில் செலுத்திய மாதிரிகள் அனைத்தையும், மிகக் குறைந்த செறிவுள்ள தரக்கரைசலோடு சேர்த்து மறுபடி ஓட்டினோம். அறிக்கைகள் தாமதமாகின்றன என்று மேலதிகாரி வருந்தினாலும், அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் புதிய ஃபெரூல் போடும் நாளன்றே அடுப்பைச் சில முறை சூடேற்றி ஆறவைத்து, நட்டை மீண்டும் இறுக்கி, மறுநாள் காலை ட்யூனுக்குப் பயன்படும் சேர்மத்தின் 69-க்கு எதிராக 28 எத்தனை விழுக்காடு என்பதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே மாதிரிகளைத் தொடங்கும்படி முறையை மாற்றினோம்.