14-ல் 2

பிப்ரவரி 3
அப்பாவின் குடல் புற்று திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. லேப் வாசலிலேயே அப்பா டீ கேட்டார்.

பிப்ரவரி 4
4.1. போன தடவை 2.6, அதற்கு முன் 2.3. தாளில் 5 வரை நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. அப்பாவிடம் “நார்மல்பா” என்றேன். பொய் இல்லையே.

பிப்ரவரி 5, இரவு 2 மணி
ஜூலையில் ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துவிட்டேன். மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. கட்டி குடலின் தசையைத் தாண்டியிருக்கிறது. 14 நிணநீர்க் கணுக்களைப் பார்த்ததில் 2-ல் புற்று. குறைந்தது 12 பார்க்க வேண்டுமாம், சரி, பார்த்திருக்கிறார்கள். வெட்டிய ஓரங்கள் சுத்தம். நரம்பைச் சுற்றிப் பரவல்: இல்லை. ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள்: உண்டு.

இந்த ‘உண்டு’. பெருங்குடல் ரத்தம் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. அதனால்தான் ஸ்கேன் வந்தால் முதலில் கல்லீரல் வரியைத் தேடுகிறேன். குடல் அடைத்துக்கொண்டு அவசரமாக ஆபரேஷனுக்குப் போனதும் பாதகக் கணக்கில்தான் சேருமாம். அதற்கு முன் மூன்று மாதம் வெறும் மலச்சிக்கல் என்று இசப்கோல் கரைத்துக் கொடுத்தது யார்? நான்.

பிப்ரவரி 6
கடைக்காரர் கொடுத்த சில்லறையை அப்பா உள்ளங்கையில் விரித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முப்பது வருஷம் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில், இருட்டில், பைக்குள் கைவிட்டே காசு சொன்னவர். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, விரல் நுனி மரத்தது மரத்ததுதான். இரண்டு கணு என்பதால் மூன்று மாத மருந்தே போதும் என்றார்கள். ஆறு மாதம் கேட்டு அடம்பிடித்திருக்கலாமோ? அப்படியானால் இந்த விரல்?

பிப்ரவரி 7
இசப்கோல் டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 9
டாக்டர்: “ஒரு நம்பரை வைத்து எதுவும் சொல்ல முடியாதும்மா. நாலு வாரம் கழித்து அதே லேபில் எடுங்க, சி.டி. ஸ்கேனும் பார்த்துடலாம்.” முதல் இரண்டு மூன்று வருஷம்தான் திரும்பி வர வாய்ப்பு அதிகமாம். அப்புறம் அப்பாவிடம், “பீடி உண்டா?” பிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. கொஞ்சம் கூடுதலாகக் காட்டுமாம்.

அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

கோபத்தில் பஸ் ஸ்டாண்டு வரை பேசவில்லை. ஆனால் பீடியாகவே இருக்கட்டும் முருகா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மார்ச் 9
அதே லேப். டீக்கு நான்தான் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

மார்ச் 10
ஆறு மணிக்கு மேல் போனில் வரும் என்றார்கள். 6.40.