பீலித் தண்ணி கலங்கினது எந்தக் கொலத்தில வரும்?

நான் இலங்கை மலையகத் தோட்டத்தில பிறந்து வளர்ந்தவன், மண்சரிவு ஆபத்து பத்தி ஆய்வு செஞ்ச ஒரு டீம்ல ஃபீல்ட் அசிஸ்டன்டா இருந்தேன். ஒரு ஜியோலொஜிஸ்ட் சேர், ஒரு சமூகவியல் மேடம், புள்ளிவிபரம் பாக்குற ஒருத்தர், பாஷைக்கு நான்.

பதுளைப் பக்கம் ஒரு லயத்தில, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில, ஒரு பாட்டி சொன்னாங்க, "மழை விட்டு ரெண்டு நாளாச்சு தம்பி, பீலியில இன்னும் செம்மண் தண்ணிதான் வருது, காம்பரா கதவும் இப்ப சாத்த முடியல". பீலின்னா மலைத் தண்ணி வந்து விழுற இடம், காம்பரான்னா லயத்து அறை. இத நான் எழுதிக் குடுத்தா புள்ளிவிபரக்காரர் எக்செல்ல "கருத்து"ங்கிற கொலத்தில (column) போட்டுட்டாரு. மேடத்துக்கு கோவம், அது கருத்து இல்ல, அவங்க அனுபவம், துண்டா வெட்டாதீங்கன்னாங்க. சேர் தண்ணி கலங்குறது முக்கியமான அறிகுறிதான், ஆனா என்னைக்குன்னு தேதி இல்லாம நான் என்ன செய்றதுன்னாரு.

எல்லாருக்கும் மனசில பதுளை மாவட்டத்து மீரியபெத்த மண்சரிவு தான். 2014 ஒக்டோபர் 29 காலையில லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு, அதுக்கு முன்னாடி 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. அளந்து சொன்னா போதும்னு சேர் நினைச்சிருந்தாரு, காணியும் வீடும் இல்லாத சனம் எங்க போகும்னு மேடம் கேட்டாங்க, அன்னைக்கு சாப்பாட்டு மேசையில யாரும் அதுக்கு மேல பேசல.

மறுநாள் சேர் என்னைக் கூட்டிக்கிட்டு திரும்ப போனாரு. மழைத்தண்ணி உள்ள இறங்கி மண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா மண்ணோட பிடி விட்டுப்போகும்னு நான் தமிழ்ல சொல்ல, பாட்டி பொறுமையா கேட்டுட்டு, "போன வருசமும் கலங்கிச்சு, அது மேல் மலையில தண்ணி ஓடுற கான் வெட்டினதால, ஒரு நாள்ல தெளிஞ்சிருச்சு, இது வேற"ன்னாங்க. சேர் பேனாவ எடுத்தாரு. எனக்கு அந்த நேரம் உடம்பு சிலிர்த்திருச்சு, ஏன்னா அவங்க வெறும் பயத்த சொல்லல, போன தடவையோட ஒப்பிட்டு இது அந்தக் காரணம் இல்லன்னு கழிச்சிப் பாத்துத்தான் சொல்றாங்க, நம்ம சனத்தோட பேச்ச அப்படி யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

அப்புறம் ஃபோம மாத்தினோம். "ஆபத்து இருக்குன்னு நினைக்கிறீங்களா"ங்கிற கேள்விய எடுத்துட்டு, என்ன மாறிச்சு, எப்ப இருந்து, முன்ன எப்படி இருந்திச்சுன்னு போட்டோம். கொலத்துக்குப் பேர் "அவதானிப்பு". பீலிக்கு பக்கத்தில ஒரு மழைமானி வச்சோம், 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீற்றர் தாண்டினா உசாரா இருக்கணும், 150 தாண்டினா லயத்த விட்டு போகணும். பாட்டியோட பேத்தி ஒரு கொப்பியில மழை அளவையும் தண்ணி நிறத்தையும் பக்கத்து பக்கத்துல எழுதுறா. அந்த நிறத்த எப்படி நம்பரா மாத்துறதுன்னு புள்ளிவிபரக்காரரும் மேடமும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.