−5/3 எண்கோட்டில் எங்கே இருக்கிறது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். விகிதமுறு எண்கள் பாடத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போவது பெரிய கணக்குகளில் அல்ல, எண்கோட்டில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லும் சின்னக் கேள்வியில்தான்.

−5/3ஐக் குறிக்கச் சொன்னால், அது −2க்கும் −1க்கும் நடுவில் என்று சரியாகக் கண்டுபிடிப்பார்கள். இடைவெளியை மூன்று சம பாகமாகவும் பிரிப்பார்கள். அப்புறம் பழக்கத்தில் −2இல் ஆரம்பித்து வலப்பக்கமாக இரண்டு பாகம் எண்ணுவார்கள். புள்ளி −4/3இல் போய் விழும். அதுவரை செய்த அத்தனையும் சரி, மதிப்பெண் மட்டும் கிடைக்காது. பென்சில் முனையைப் பூச்சியத்தில் வைத்து இடப்பக்கமாக நகருங்கள். −1ஐத் தாண்டி இரண்டாவது பிரிவுதான் −5/3. இதை வாயால் சொன்னால் போதாது, கையால் நாலு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஏறுவரிசை. −3/4, 2/3, −5/6, 1/2 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே பெருக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் குறை எண்களைத் தனியே பிரியுங்கள். எந்த மிகை எண்ணும் அவற்றைவிடப் பெரியதுதான், அதற்குக் கணக்கே வேண்டாம். பகுதிகளின், அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்களின், மீச்சிறு பொது மடங்கு 12. குறை எண்கள் −9/12, −10/12. மிகை எண்கள் 8/12, 6/12. −10/12 இன்னும் இடப்பக்கம் தள்ளி இருப்பதால் அதுதான் சிறியது. ஆக வரிசை −5/6, −3/4, 1/2, 2/3. விடையைக் கேள்வியில் கொடுத்த வடிவத்திலேயே எழுதுங்கள்.

5/−7 போல மைனஸ் பகுதியில் இருந்தால், முதல் வேலையாக −5/7 என்று மாற்றிவிடுங்கள். அப்படியே குறுக்குப் பெருக்கல் போட்டால் பெரியது சிறியதாகிவிடும்.

மட்டு மதிப்பு என்பது ஓர் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான், பக்கம் எதுவானாலும் சரி. மேலே வரிசைப்படுத்திய நான்கு எண்களின் மட்டு மதிப்புகளை ஏறுவரிசையில் கேட்டால் 1/2, 2/3, 3/4, 5/6. முதலில் நின்ற −5/6 இப்போது கடைசிக்குப் போய்விட்டது! பிள்ளைகள் மிரளும் இடம் இது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி செல்சியஸ், உலர்பனி ஆவியாவது சுமார் −78இல். எது குறைந்த வெப்பநிலை என்றால் −196. எது பூச்சியத்திலிருந்து அதிக தூரம் என்றாலும் −196தான். இரண்டும் வேறு வேறு கேள்விகள். கேள்வித்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று அடிக்கோடிட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மட்டு மதிப்பு 5/2 உள்ள எண்கள் எவை என்றால் 5/2, −5/2 இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பாதி விடைதான். −3/4க்கும் 1/2க்கும் இடையே உள்ள தூரத்தைக் கேட்டால், 3/4இலிருந்து 1/2ஐக் கழித்து 1/4 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் பூச்சியத்துக்கு இரு பக்கமும் இருப்பதால் தூரங்களைக் கூட்ட வேண்டும், விடை 5/4.