"எந்த ஃபேக்டரியில?": நேர்முகத் தேர்வுக்காகப் போர் விமானங்களைப் படித்த கதை

அரக்கோணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, நம் கடற்படை கண்காணிப்புக்கு வைத்திருந்த ரஷ்ய டியூ-142 விமானத்தின் சத்தம் மறக்காது. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து அது மேலே ஏறும்போது எங்கள் கணக்கு ஆசிரியர் சாக்பீஸைப் பிடித்தபடி பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கிய பிறகுதான் பாடம் தொடரும். அந்த மோகத்தில்தான் யுபிஎஸ்சி விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'ராணுவ விமானங்கள் பற்றி வாசிப்பது' என்று எழுதினேன்.

மாதிரி நேர்முகத் தேர்வில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் இருந்தார். "போன ஜூன்ல ரஷ்யா இழந்த குண்டுவீச்சு விமானங்களைத் திரும்பக் கட்ட எத்தனை வருஷம் ஆகும், தம்பி?" என்று கேட்டார். "இரண்டு மூன்று வருஷம் ஆகும் சார், பெரிய நாடு" என்றேன். "சரி, எந்த ஃபேக்டரியில?" என்று கேட்டார். எனக்கு வார்த்தையே வரவில்லை. "அந்த ஃபேக்டரி இப்ப இருக்கான்னு பார்த்துட்டு வாங்க" என்றார். அடுத்த மூன்று வாரம் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரிக்குப் பதில்தான். இதே பொழுதுபோக்கை எழுதியிருப்பவர்களுக்கும், பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குத் தயாராகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சம்பவம். 2025 ஜூன் 1 அன்று உக்ரைனின் எஸ்பியு என்ற உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு 117 ட்ரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே லாரிகளில் கொண்டுபோய், மரக் கூண்டுகளின் கூரையைத் திறந்து ஏவியது. உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவில் உள்ள பெலயா தளம் வரை அடி விழுந்தது. 41 விமானங்களைத் தாக்கினோம் என்றது உக்ரைன். சுமார் 20 தாக்கப்பட்டன, அவற்றில் 10 அழிந்தன என்பது அமெரிக்க அதிகாரிகளின் கணிப்பு. இரண்டு எண்ணையும் யார் சொன்னது என்பதோடு சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். நான் முதல் வாரம் முழுக்க இந்த எண்ணிக்கையிலேயே உழன்றேன், வீண்.

அடி வாங்கிய இரண்டு முக்கிய வகைகள் டியூ-95எம்எஸ், டியூ-22எம்3. டியூ-95 முதலில் பறந்தது 1952இல். எம்எஸ் என்பது அதன் பிந்தைய வடிவம், இன்று சமாரா எனப்படும் ரஷ்ய ஊரில் கட்டியது. 1990களின் தொடக்கத்தில் அந்த உற்பத்தி நின்றுவிட்டது. டியூ-22எம்3 இன்னொரு ரஷ்ய நகரமான கசானில் கட்டியது, அதுவும் 1993இல் நின்றது. ஆக, ஜூன் மாதம் எரிந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே முப்பது வயது தாண்டியவை. அவற்றைக் கட்டிய உற்பத்தி வரிசையே இன்று இல்லை. என்னுடைய 'இரண்டு மூன்று வருஷம்' எவ்வளவு அசட்டையான பதில் என்று இங்கேதான் உறைத்தது.

'நின்ற உற்பத்தியைத் திரும்பத் தொடங்க முடியாதா?' என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. இதற்கு டியூ-160 என்ற ஒரே குண்டுவீச்சு விமானத்தை ஆழமாகப் படித்தால் போதும். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். 1981இல் முதலில் பறந்தது, சோவியத் யூனியன் உடைந்த பிறகு உற்பத்தி படுத்துவிட்டது. பாதி கட்டிய உடல்கள் கசான் தொழிற்சாலையிலேயே கிடந்தன. 2015இல் மறுபடி கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். புதிதாகக் கட்டிய முதல் விமானம் பறந்தது 2022 ஜனவரியில். இடம் இருந்தது, வரைபடம் இருந்தது, பணமும் ஒதுக்கினார்கள், அப்படியும் ஏழு வருடம்!

ஏன் அவ்வளவு காலம்? அந்த விமானத்தின் இரண்டு இறக்கைகளையும் தாங்குவது நடுவில் உள்ள டைட்டானியம் பெட்டி. சாதாரண வெல்டிங் அதற்கு ஆகாது. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் வைத்து, எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டையே புதுப்பிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் இருந்த வரைபடங்களையெல்லாம் கணினிக்கு மாற்றினார்கள். என்கே-32 என்ஜினைச் சமாராவில் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு மனதில் நின்றது ஆட்களைப் பற்றிய விஷயம். இருபது வருடம் ஒரு வேலை நடக்கவில்லை என்றால், அதைச் செய்த கை ஓய்வுபெற்றுவிடும், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டிய இளைஞன் வேறு பிழைப்புக்குப் போயிருப்பான். கையோடு போன தொழிலை வரைபடம் மட்டும் கொண்டுவந்துவிடாது.

ஆயத்தமாக இருப்பதை வாங்கலாமே என்றால், அந்த வழியும் ஒருமுறை திறந்திருந்தது. 1999இல் உக்ரைன், சோவியத் யூனியன் உடைந்தபோது தன்னிடம் தங்கிவிட்ட எட்டு டியூ-160, மூன்று டியூ-95எம்எஸ் ஆகியவற்றை எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவுக்கே கொடுத்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை வெட்டி உடைக்கப்பட்டன. இன்று அந்த விமானங்களை விற்க உலகில் யாருமில்லை. இந்த ஒரு தகவலைச் சொன்னபோது மாதிரிக் குழுவில் எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏ-50 ரேடார் விமானத்தையும் ஒரு பத்திக்குப் படித்து வையுங்கள். 2024 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஒவ்வொன்றை ரஷ்யா இழந்தது. அதற்கு அடிப்படையான ஐஎல்-76 சரக்கு விமானம் சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் கட்டியது, அதாவது இன்று வேறொரு நாட்டில். மாற்றாக வர வேண்டிய ஏ-100, 2017இல் பறந்தும் இன்னும் படையில் சேரவில்லை. அதோடு, அந்த விமானங்களில் ரேடாரை இயக்கப் பயிற்சி பெற்றிருந்த ஆட்களும் போய்விட்டார்கள்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. நான் ஒவ்வொரு விமானத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். எங்கே கட்டியது, எப்போது நின்றது, என்ஜின் எங்கிருந்து வருகிறது, இன்று அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று நாலே வரி. வேகம், உயரம், குண்டு எடை எதையும் எழுதவில்லை. அவற்றை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

உண்மையான நேர்முகத் தேர்வில் ரஷ்யா பற்றிக் கேள்வியே வரவில்லை. என் ஊரைப் பார்த்துவிட்டு, "ராஜாளியில் டியூ-142 போய் என்ன வந்தது?" என்று கேட்டார்கள். பி-8ஐ என்ற அமெரிக்கக் கண்காணிப்பு விமானத்தை வாங்க 2009இல் ஒப்பந்தம், முதல் விமானம் வந்தது 2013இல், டியூ-142 விடைபெற்றது 2017 மார்ச்சில் என்றேன். "இதிலிருந்து என்ன புரிகிறது?" என்று கேட்டார்கள். "நம் விமானங்களை யாரும் சுட்டு வீழ்த்தவில்லை, மேடம். அதனால் புதியது வந்து பழகும்வரை பழையதை நான்கு வருடம் கூடவே பறக்கவிட முடிந்தது. போரில் இழப்பவர்களுக்கு அந்த நான்கு வருடம் கிடைப்பதில்லை" என்றேன். தலைவர் தலையசைத்துவிட்டு அடுத்த உறுப்பினரைப் பார்த்தார். அவர் ஏரி நீர் மேலாண்மை பற்றிக் கேட்கத் தொடங்கினார்.